இரண்டு ரகசியம், ஒரே விலாசம்

பிரேக்கம்மா இறந்த அன்று அவர் தெருவில் கார் நிறுத்த இடமில்லை. வந்த கார்கள் அத்தனையும் நடைபாதை ஓரமாக, நூல் பிடித்த மாதிரி, ஒன்றையொன்று உரசாமல் நின்றன. எதிர்வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டு, "கல்யாண வீட்டுக்குக்கூட யாரும் இவ்வளவு ஒழுங்கா வண்டி விட்டதில்லையே" என்று வியந்தார். ஓட்டிவந்தவர்கள் எல்லோரும் பெண்கள். உள்ளே வந்து முகத்தைப் பார்த்தார்கள், கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார்கள். வாசலில் உட்கார்ந்திருந்த அவருடைய அண்ணன் ஒவ்வொருவரிடமும், "நீங்க எப்படிம்மா பழக்கம்?" என்று கேட்டார். "கடைல பார்த்திருக்கேன்" என்றாள் ஒருத்தி. "ஒரு தடவை பஸ்ல பக்கத்துல உட்கார்ந்தோம்" என்றாள் இன்னொருத்தி. அந்தத் துக்கத்திலும் அண்ணனுக்குச் சிரிப்பு வந்தது. கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தவளின் சாவுக்குக் காரிலேயே வந்து இறங்கிவிட்டு, பஸ்ஸில் பார்த்தேன் என்கிறார்கள்.

இரண்டு பேர்தான் மறைக்கவில்லை. அவர்களில் மூத்தவர் வாசலில் நின்று எல்லோர் காதிலும் விழும்படியே சொன்னார்: "எங்க ரெண்டு பேருக்கும் இவதான் டீச்சர். யார் கேட்டாலும் சொல்லுங்க." அவர்கள் வாயாலேயே வெளியே வந்துவிட்டதால், அவர்கள் கதையை இங்கே சொல்வதில் பிரேக்கம்மாவுக்கு ஆட்சேபம் இருக்காது.

கார் பழக்கும் வண்டியில் இரண்டு பிரேக் உண்டு. ஒன்று ஓட்டுகிறவர் காலடியில், மற்றொன்று சொல்லிக்கொடுக்கிறவர் காலடியில். அந்த இரண்டாவது பிரேக்கின்மேல் முப்பது வருஷத்துக்கு மேலாகக் கால் வைத்திருந்தவர் என்பதால் அந்தப் பெயர் வந்தது. வைத்திருந்தாரே தவிர, அழுத்தியது குறைவு. "நான் அழுத்தினா நீங்க என்னை நம்பிடுவீங்க. அப்புறம் உங்க காலை எப்ப நம்பறது?" என்பார்.

ரகசியத்தின் அருமை அவருக்குச் சின்ன வயதிலேயே தெரியும். கல்யாணத்துக்கு முன்பே அண்ணனிடம் திருட்டுத்தனமாகக் கார் ஓட்டக் கற்றவர் அவர். ஒரே ஒரு சிநேகிதியிடம் அதைச் சொன்னார். சிநேகிதி அவள் அம்மாவிடம் சொன்னாள், அம்மா ஊரிடம் சொன்னாள். பேசிவைத்திருந்த மாப்பிள்ளை வீட்டார், "இப்பவே ஸ்டியரிங்கைப் பிடிக்கிற பொண்ணு எங்க வீட்டுக்கு வந்து எதைப் பிடிக்குமோ" என்று சொல்லிக் கம்பி நீட்டிவிட்டார்கள். "நல்லவேளை, அந்த ஆள் நடந்தே போற ஆளு" என்று பிற்பாடு சிரித்துக்கொள்வார். ஆனால் அன்றைக்கு அழுதார். அண்ணன் மட்டும் கடைசிவரை வாயைத் திறக்கவில்லை. அவர் காதில் விழுந்தது கிணற்றில் போட்ட கல். அந்த அண்ணனோடு சேர்ந்துதான் கார் பழக்கும் பள்ளியை நடத்தினார்.

வருகிற பெண்களில் பாதிக்கு மேல் முதல் நாளே சொல்லும் பேச்சு ஒன்றுதான். "எங்க வீட்ல யாருக்கும் தெரியாதுங்க." ஒருத்திக்குப் புருஷன் கேலிசெய்வான் என்ற பயம். ஒருத்திக்கு மகன் தடுப்பான் என்ற சந்தேகம். சிலருக்குக் காரணமே இருக்காது. தனக்கென்று ஒன்று, யார் கையும் படாமல், கொஞ்ச நாள் இருக்கட்டுமே என்ற ஆசைதான்.

இதற்காகவே அண்ணனும் தங்கையும் ஒரு முறை வைத்திருந்தார்கள். பேர், விலாசம், பரீட்சைத் தேதி எல்லாம் அண்ணன் பாடு. அவர் அலுவலக அறையை விட்டு வெளியே வரமாட்டார், யார் முகமும் அவருக்குத் தெரியாது. முகங்கள் எல்லாம் தங்கை பாடு. அவர் யாரிடமும் பேர் கேட்கமாட்டார். "பேர் தெரிஞ்சா ஒரு நாள் வாயில வந்துடும்" என்பார். யாரையும் வீட்டு வாசலில் ஏற்றுவதில்லை. வேறெங்காவது ஓர் இடம் சொல்ல வேண்டும். அந்த இடமே பெயராகிவிடும். மருந்துக்கடை, பூக்கடை, தபாலாபீஸ். காரின் கூரைமேல் ஒட்டும் பள்ளிப் பலகையின் அடியில் காந்தம் இருந்தது. ஆள் ஏறி, தெரு தாண்டிய பிறகே அதை எடுத்து மேலே ஒட்டுவார். முகம் ஒருவரிடம், பெயர் ஒருவரிடம் என்று ரகசியத்தைப் பாதி பாதியாகப் பிளந்து வைத்திருந்ததால், எந்தப் பாதியைக் கொண்டும் யாராலும் எதையும் செய்ய முடியாது. கடைத்தெருவில் எதிரே யார் வந்தாலும் அவர் பார்க்காதவர் மாதிரி தக்காளி பொறுக்கிக்கொண்டிருப்பார். தலைக்கனம் என்று சொன்னவர்களும் உண்டு.

அந்த வருஷம் அவரிடம் வந்தவர்களில் ஒருத்தி பல்லாஸ்பத்திரி. பல் மருத்துவமனை வாசலில் ஏறுகிற, அறுபது தாண்டிய அம்மாள். ஸ்டியரிங்கைக் கொதிக்கிற பாத்திரத்தைப் பிடிப்பது போல விரல் நுனியால் பிடிப்பார்.

"நல்லாப் பிடிங்க. கடிக்காது."

"கடிக்காதுன்னு உனக்குத் தெரியும் டீச்சர். அதுக்குத் தெரியுமா?"

ஸ்டியரிங்கைப் பிடித்தவர்களுக்கு ஒரு வசதி. முகம் பார்த்துப் பேச வேண்டியதில்லை. கண் சாலையில் இருக்கும், வாய் தன்னால் திறந்துகொள்ளும். இரண்டாவது வாரத்திலேயே பல்லாஸ்பத்திரியின் கதை முழுக்க வந்துவிட்டது. கணவர் போய் ஒரு வருஷம் ஆகிறது. அவருடைய கார் வீட்டின் முன்னால் மஞ்சள் பூத் திரை போர்த்தியபடி நிற்கிறது. கொழுந்தனும் அவன் பெண்சாதியும் மாடியில், இவர் கீழே. கொழுந்தன் கெட்டவன் இல்லை. ஆனால் வண்டி சும்மா நின்று துருப்பிடிக்கிறதே என்று ஆள் பார்த்துவிட்டான். வருகிற மாதக் கடைசிச் சனிக்கிழமை வந்து எடுத்துப்போவதாக வாங்குகிறவர் சொல்லியிருக்கிறார்.

"வேண்டாம்னு சொல்ல வேண்டியதுதானே? உங்க வண்டி."

"சொன்னேன். 'அண்ணி, இந்த வீட்ல ஓட்டத் தெரிஞ்சவங்க ஒருத்தர் இருந்தா காட்டுங்க, நான் விக்கல'ன்னான். அவனுக்கும் தெரியாது. அவனை ஊஞ்சல்ல உட்கார வச்சாலே தலை சுத்தும். அதான் வாயை மூடிக்கிட்டு உன்கிட்ட வந்துட்டேன்."

"வீட்ல ஒருத்தருக்காவது சொல்லி வச்சிருக்கலாமே. துணையா இருக்கும்."

"யாருக்கு? மாடியில இருக்காளே, என் ஓரகத்தி, அவளுக்கா? அந்த வாய்க்குத் தாழ்ப்பாளே கிடையாது டீச்சர். காலைல நான் தும்மினா மத்தியானம் அவ புருஷனுக்குத் தெரிஞ்சிருக்கும். நான் தோத்தேன்னு வச்சுக்கோ, படியேறி இறங்கறப்போ எல்லாம் சிரிப்பா."

அவர் ஒரு முறை தோற்றும்விட்டார். பரீட்சை மைதானத்தில் சின்ன மேடு ஒன்று உண்டு. பாதி ஏற்றத்தில் நிறுத்தி, பின்னால் உருளாமல் மறுபடி கிளப்ப வேண்டும். பல்லாஸ்பத்திரிக்கு வண்டி நின்றதும் மூச்சும் நின்றுவிடும். வண்டி உருண்டு கீழே வந்துவிட்டது.

அதே மாதங்களில் ஏறிக்கொண்டிருந்த இன்னொருத்தி லைப்ரரி. நூலகத்தின் பின்கேட்டில் ஒரு புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்பாள். எப்போதும் அதே புத்தகம். நாற்பது வயதிருக்கும். ஓட்டுகிற வேகத்தைவிடப் பேசுகிற வேகம் அதிகம்.

"எங்க வீட்டுக்காரர்கிட்ட மட்டும் மூச்சு விட்டுடாதீங்க மேடம். 'நீ சைக்கிளையே சுவத்துல சாத்தித்தான் நிறுத்துவே'ம்பார். கீழ் வீட்ல எங்க ஓரகத்தி இருக்காங்க. அவங்களுக்கும் தெரியக் கூடாது. கொழுந்தன்னா அவங்களுக்கு உசுரு. அந்தக் காதுல போனா இந்தக் காதுல வந்துடும்."

ஓரகத்தி இல்லாத வீடு எது? மாடியும் கீழுமாக இருக்கிற குடும்பங்கள் ஊரில் ஆயிரம். பிரேக்கம்மா அதைக் கேட்டுக் கடந்துவிட்டார். ஒரு நாள் ரவுண்டானாவைச் சுற்றி வருகையில்தான் லைப்ரரி சொன்னாள்:

"வீட்ல ஒரு பழைய கார் நிக்குது மேடம். மஞ்சள் பூப்போட்ட ஜன்னல் திரையைத் தச்சு மேல போர்த்தியிருக்கு. முன்பக்கத்துல ஒரு கதவு திறக்கவே திறக்காது. பக்கத்து சீட்டுக்குப் போகணும்னா டிரைவர் பக்கமா ஏறி, நண்டு மாதிரி நகரணும்."

மஞ்சள் பூத் திரை. திறக்காத கதவு. நண்டு என்ற அதே சொல். முந்தின நாள்தான் பல்லாஸ்பத்திரி, "எங்க வீட்டுக்காரர் பக்கத்துல உட்கார நான் நண்டு மாதிரிப் போவேன்" என்று சொல்லி, அழுதுகொண்டே சிரித்திருந்தார். பிரேக்கம்மாவின் கால் தானாக அழுந்தியது. வண்டி குலுங்கி நின்றது. பின்னால் வந்த பஸ்காரர் ஹாரனைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

"என்ன மேடம்? நாயா?"

"ஆமா. நாய்."

"எங்க?"

"போயிடுச்சு. நீங்க கியரைப் போடுங்க."

அந்தக் காருக்குள் அவர் சொன்ன முதல் பொய் அதுவாகத்தான் இருக்கும்.

லைப்ரரி நாயை மறந்து கதையைத் தொடர்ந்தாள். "என் பொண்ணு பிறந்தப்போ அந்த வண்டியிலதான் எங்க பெரியத்தான் என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். இவர் பதட்டத்துல ரெண்டு கால்லயும் வேற வேற செருப்பு. எங்க ஓரகத்தி அக்கா பின்னாடி உட்கார்ந்து, என் தலையை மடியில வச்சுக்கிட்டு, 'மெதுவா, மெதுவா'ன்னு வழி முழுக்க அவரைத் திட்டிக்கிட்டே வந்தாங்க. இப்ப தினமும் அவங்க அதைத் துடைக்கறதை மாடியிலருந்து பார்க்கறேன் மேடம். வித்துட்டா அவங்க எதைத் துடைப்பாங்க? ஓட்டத் தெரிஞ்ச ஆளைக் காட்டுன்னு இவர் சொல்லிட்டார். நான் காட்டறேன். கடைசி நாள் வரைக்கும் யாருக்கும் சொல்ல மாட்டேன். ஜெயிச்சாத்தான் சொல்லணும். நான் தோத்து, அவங்களுக்கு ஆசை காட்டி மோசம் பண்ணிட்டா?"

யாருக்குத் தெரியக் கூடாது என்று ஒருத்தி அஞ்சுகிறாளோ, அவளே இவளுக்காக ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். ஒரு வார்த்தை போதும். மறுநாள் பல்லாஸ்பத்திரி ஏறியதும், "உங்க ஓரகத்தி உங்களுக்காகத்தான்" என்று தொடங்கினால் போதும். அந்த அம்மாளின் பாதி பயம் போய்விடும்.

அந்த ஒரு வார்த்தையை அவர் சொல்லவில்லை. நல்லதற்காகத்தானே என்று சொல்லித்தான் அவருடைய சிநேகிதியும் அந்தக் காலத்தில் வாயைத் திறந்தாள். எது நல்லது என்று தீர்மானிக்கிற உரிமையை யாரும் அவரிடம் கொடுக்கவில்லை. கொடுத்தது ரகசியத்தை மட்டும்தான். பல்லாஸ்பத்திரி மறுநாளும் மாடிக்காரியைத் திட்டினார். பிரேக்கம்மா நாக்கைக் கடித்துக்கொண்டு, "கண்ணாடியைப் பாருங்க, பின்னாடி லாரி வருது" என்றார்.

மாதக் கடைசி நெருங்கியது. ஒரு நாள் மாலை அவர் சாவியைக் கொடுக்க அலுவலகத்துக்குப் போனபோது அண்ணன் வாயெல்லாம் பல்லாக உட்கார்ந்திருந்தார்.

"ஒரு நல்ல காரியம் பண்ணியிருக்கேன். பரீட்சைக்குத் தேதி கேட்டுப் போன் போட்டேனா, பார்த்தா ரெண்டு பேருக்கு ஒரே விலாசம். ஒரே வீடு! தனித்தனியா எதுக்கு அலையணும்? வெள்ளிக்கிழமை காலைல ரெண்டு பேருக்கும் சேர்த்தே வாங்கிட்டேன். ஒண்ணாவே போய்ட்டு ஒண்ணாவே வரட்டும். உன் கணக்குல ஒருத்தி தபாலாபீஸோ என்னவோ..."

"லைப்ரரி" என்றார் பிரேக்கம்மா. குரல் எங்கிருந்தோ வந்தது.

"ஏன், முகம் ஏன் இப்படிப் போகுது? என்ன பண்ணிட்டேன்?"

"அண்ணா, உன் வாயைத் தாழ்ப்பாள் போட்டு வச்சே. கையை விட்டுட்டியே!"

அண்ணனுக்குப் புரிய அதிக நேரம் ஆகவில்லை. "மாத்திடலாமா?" என்றார். அடுத்த தேதி கடைசிச் சனிக்கிழமைக்குப் பிறகுதான். அதற்குள் கார் போய்விடும். யாரை நிறுத்துவது? லைப்ரரியை நிறுத்திவிட்டு, பல்லாஸ்பத்திரி மேட்டில் மறுபடி உருண்டால் எல்லாம் முடிந்தது. பல்லாஸ்பத்திரியை நிறுத்தலாம் என்றால், அது அவர் வண்டி.

"ஒருத்திக்குப் பரீட்சை ரத்துன்னு சொல்லிடு" என்றார் அண்ணன். "சின்னப் பொய்தானே. யாருக்கும் நஷ்டமில்ல."

"ரகசியத்தைக் காப்பாத்தப் பொய் சொல்ல ஆரம்பிச்சா, அப்புறம் என் பேச்சுல எது நிஜம்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? அந்த நாயே என்னை இன்னும் கடிச்சுக்கிட்டிருக்கு."

"எந்த நாய்?"

"விடு."

மறுநாள் இருவரிடமும், தனித்தனியாக, ஒரே வார்த்தைகளைச் சொன்னார். "வெள்ளிக்கிழமை மைதானத்துல உங்களைத் தெரிஞ்ச ஒருத்தர் இருப்பாங்க. யார்னு கேட்காதீங்க, சொல்ல மாட்டேன். தப்பு எங்க பக்கம். தேதியை மாத்தினா சனிக்கிழமை போயிடும். வர்றதா வேண்டாமான்னு நீங்கதான் சொல்லணும்."

"எங்க வீட்டுக்காரரா?" என்றாள் லைப்ரரி.

"சொல்ல மாட்டேன்னேனே."

"சரி, மூஞ்சியை மறைச்சுக்கிட்டு வர்றேன்."

பல்லாஸ்பத்திரி வண்டியை ஓரமாக நிறுத்தினார், சிக்னல் போட்டு, கை காட்டி, எல்லாம் சரியாக. "நீ சொல்ல மாட்டேங்கறதுலயே எனக்குத் தெம்பா இருக்கு டீச்சர். அப்ப என்னைப் பத்தியும் நீ யார்கிட்டயும் சொல்லலைன்னு ஆகுது. வர்றேன். பார்க்கறவங்க பார்க்கட்டும். நானென்ன திருடவா போறேன், மேடுதானே ஏறப் போறேன்."

வெள்ளிக்கிழமை காலையில் மைதானத்தில் ஒரே ஒரு பெஞ்சு. பல்லாஸ்பத்திரி முன்னாலேயே வந்து ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தார். கறுப்புக் கண்ணாடி, தொப்பி, கழுத்தைச் சுற்றி மூக்குவரை சால்வை என்று ஒரு உருவம் வந்து பெஞ்சின் மறு ஓரத்தில் உட்கார்ந்தது. கக்கத்தில் புத்தகம். பிரேக்கம்மா காரின் டயரைக் குனிந்து பார்ப்பது போல் நின்றார். அந்த டயரில் பார்க்க ஒன்றுமில்லை.

பல்லாஸ்பத்திரி உருவத்தை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு நிதானமாகச் சொன்னார்:

"சளி பிடிச்சிருக்கா? இந்த வெயில்ல இவ்வளவு சுத்தியிருக்கே."

உருவம் சால்வையை இன்னும் மேலே இழுத்துக்கொண்டது.

"போன வருஷம் நான் பின்னிக் குடுத்த சால்வைடி அது."

கறுப்புக் கண்ணாடி மெதுவாக இறங்கியது. "அக்கா..."

"என்னடி அக்கா? என்னை வேவு பார்க்க வந்தியா? உன் புருஷன் அனுப்பினானா?"

"ஐயோ, வேவெல்லாம் இல்லக்கா, நானே பரீட்சைக்குத்தான்... நீங்க இங்க எப்படி..." என்று லைப்ரரி குளறும்போதே ஆய்வாளர் அவள் பெயரைக் கூப்பிட்டுவிட்டார். தொப்பியைக் கழற்றிப் பெஞ்சில் போட்டுவிட்டு ஓடினாள். பின்னால் எடுப்பது, வளைப்பது, மேடு எல்லாம் ஒரே மூச்சில் முடிந்தது. வாய் பேசாமல் ஓட்டினால் அவள் அத்தனை நன்றாக ஓட்டுவாள் என்று பிரேக்கம்மாவே அன்றைக்குத்தான் கண்டார்.

அடுத்து பல்லாஸ்பத்திரி. பின்னால் எடுத்தார், சரி. வளைத்தார், சரி. மேட்டில் பாதியில் நிறுத்தினார். கிளப்பினார். வண்டி இருமிவிட்டு உருண்டு கீழே வந்தது.

"இன்னொரு தடவை தரேன்மா" என்றார் ஆய்வாளர். அவர் நல்ல மனுஷர், ஆனால் விதி அவ்வளவுதான். "கொஞ்சம் தண்ணி குடிச்சிட்டு வாங்க. அதோட சரி."

பல்லாஸ்பத்திரி பெஞ்சுக்கு வந்து உட்கார்ந்தார். பக்கத்தில் அமர்ந்திருந்தவளைப் பார்க்கவில்லை. அவர் பயந்ததெல்லாம் நடந்துவிட்டது. தோற்கிறார், அதுவும் யார் பார்க்கக் கூடாதோ அவள் கண்முன்னால். பிரேக்கம்மா பக்கத்தில் போகலாமா என்று ஓரடி எடுத்துவைத்தார். அப்போது லைப்ரரியின் போன் அடித்தது.

"என்னங்க?" என்றாள் போனில். "...நானா? லைப்ரரியில." பல்லாஸ்பத்திரியின் தலை நிமிர்ந்தது. "ஆமா, அதே புத்தகம்தான். இன்னும் முடியல, பெரிய புத்தகம்... என்னது, வண்டிச் சத்தமா? வெளியில ரோடு போடறாங்க... அக்கா வீட்ல இல்லையா?"

அங்கே ஒரு இடைவெளி. லைப்ரரி மூத்தவரின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"அக்கா பல் டாக்டர்கிட்ட போயிருப்பாங்க. கடைவாய்ப் பல்லு வலின்னாங்களே. நீங்க போன் பண்ணித் தொந்தரவு பண்ணாதீங்க, வாயைத் திறந்து உட்கார்ந்திருப்பாங்க, பாவம்."

போனை வைத்தாள். பல்லாஸ்பத்திரி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் பல் டாக்டருக்குன்னு சொல்லிட்டு வர்றது உனக்கு எப்படித் தெரியும்?"

"ரெண்டு மாசமா ஒரே பல்லு வலிக்குதுன்னு போறீங்க. திரும்பி வந்து முறுக்கா கடிக்கறீங்க. எனக்குத் தெரியாதா? எங்கேயோ போறாங்க, சொல்ற அன்னைக்குச் சொல்லட்டும்னு விட்டுட்டேன்."

"உன் புருஷன்கிட்ட சொல்லலையா?"

"உங்க பல்லு, நான் ஏன் சொல்றேன்?"

பல்லாஸ்பத்திரிக்கு முதலில் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பிரேக்கம்மா பயந்தார். அது சிரிப்பு. அடக்க அடக்க வந்தது. தாழ்ப்பாளே இல்லை என்று அவர் ஊரறியத் திட்டிய வாய், ரெண்டு மாதமாக அவருக்காகவே மூடியிருந்திருக்கிறது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்து, மூக்கைத் துடைத்துக்கொண்டார். "போடி இவளே" என்று சொல்லி எழுந்தார். நேராகப் போய்க் காரில் ஏறினார்.

மேட்டில் பாதியில் வண்டி நின்றது. உள்ளே அவர் இன்னும் சிரித்துக்கொண்டிருப்பது கண்ணாடி வழியே தெரிந்தது. சிரிக்கிறவர்களுக்கு மூச்சு நிற்பதில்லை. என்ஜின் சத்தம் கொஞ்சம் கனத்தது. வண்டி ஒரு விரற்கடைகூடப் பின்வாங்காமல் முன்னே நகர்ந்து, மேட்டின் உச்சியைத் தாண்டி மறுபக்கம் இறங்கியது. லைப்ரரி பெஞ்சின்மேல் ஏறி நின்று கத்தினாள். ஆய்வாளர், "இது பரீட்சை மைதானம்மா, பந்தயம் இல்ல" என்று சொல்லிவிட்டுத் தானும் சிரித்தார்.

சனிக்கிழமை வரவேண்டும் என்று இருவருமே பிரேக்கம்மாவைக் கூப்பிட்டார்கள். வழக்கத்தை மீறி அவர் ஒரு வீட்டு வாசலுக்குப் போனது அந்த ஒரு முறைதான். கொழுந்தன் காருக்கு முன்னால் நின்று வாங்க வந்தவரோடு பேசிக்கொண்டிருந்தார். மஞ்சள் பூத் திரையை எடுத்து மடித்தாகிவிட்டது. என்ஜின் ஓடுகிறதா என்று வந்தவருக்குக் காட்டுவதற்காக, மெக்கானிக் முந்தின வாரமே வந்து எல்லாம் பார்த்துவிட்டுப் போயிருந்தான்.

"அண்ணி, சாவியைக் குடுங்க" என்றார் கொழுந்தன்.

"இந்த வீட்ல ஓட்டத் தெரிஞ்ச ஆள் இருந்தா விக்க மாட்டேன்னு சொன்னியே. நினைப்பிருக்கா?"

"இருக்கு அண்ணி. யார் இருக்காங்க? நீங்க ஓட்டுவீங்களா?" என்று சிரித்தார் அவர். கேலியில்லை, பிரியமான சிரிப்புதான்.

"நான் ஓட்டுவேன். நான் களைச்சா இவ ஓட்டுவா."

கொழுந்தன் மனைவியைப் பார்த்தார். மனைவி வானத்தைப் பார்த்தாள்.

"நீ லைப்ரரிக்குப் போனேன்னியே!"

"போனேன். வாசல் வரைக்கும்."

"உங்க கடைவாய்ப் பல்லு?"

"நல்லா இருக்குப்பா. கேட்டதுக்கு சந்தோஷம்."

வாங்க வந்தவர் தன் வாழ்க்கையில் இப்படி ஒரு பேரத்தைப் பார்த்ததில்லை. "சார், அப்ப நான்...?" என்று இழுத்தார். லைப்ரரி ஏற்கெனவே ஓட்டுநர் கதவு வழியே நுழைந்து, நண்டு மாதிரி நகர்ந்து மறுபக்கம் உட்கார்ந்தாயிற்று. பிரேக்கம்மாவைப் பின்சீட்டில் ஏற்றினார்கள். அவருக்கு எட்டுகிற இடத்தில் பிரேக் இல்லாத காரில், கற்றுக்குட்டிகளோடு அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. பயமாகத்தான் இருந்தது. இரண்டு கைகளையும் மடியில் கோத்து வைத்துக்கொண்டார்.

பல்லாஸ்பத்திரி ஏறி உட்கார்ந்தார். இருக்கையை முன்னே இழுத்தார். கணவரின் உயரத்துக்கு இருந்த கண்ணாடியைத் தொட்டவர் ஒரு கணம் அப்படியே இருந்தார். பிறகு அதைத் தன் உயரத்துக்குத் திருப்பினார்.

நீல நிறக் கார் கேட்டைத் தாண்டித் தெருவுக்கு வந்தது. ஜன்னல்களில் தலைகள் முளைத்தன. யாரோ கை தட்டினார்கள். கடைத்தெரு, நூலகம், பல் மருத்துவமனை எல்லாவற்றையும் சுற்றிக்கொண்டு மேம்பாலத்தில் ஏறியது. பாலத்தின் ஏற்றத்தில் சிக்னல் சிவப்பானது. வண்டிகள் நின்றன.

"மெதுவா, அக்கா, மெதுவா" என்றாள் லைப்ரரி.

"நீ சும்மா இரு. அன்னைக்கு உன் பெரியத்தானுக்கு நான் சொன்னது அது. எனக்கே சொல்றியா?"

பச்சை விழுந்தது. வண்டி பூ மாதிரி கிளம்பியது. பிரேக்கம்மா பின்சீட்டில் சாய்ந்து உட்கார்ந்து, வாழ்நாளில் முதல் முறையாகச் சாலையைப் பார்க்காமல் ஜன்னலுக்கு வெளியே வேடிக்கை பார்த்தார்.

திரும்பி வந்தபோது கேட்டில் கொழுந்தன் நின்றிருந்தார். வாங்க வந்தவரும் போகவில்லை, முடிவைப் பார்க்காமல் போக மனம் வரவில்லை போலிருக்கிறது. "அண்ணி, நிறுத்துங்க! என்னையும் ஏத்திக்கங்க!" என்று கொழுந்தன் கையை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தார்.

"நிறுத்தட்டுமா டீச்சர்?"

"என்கிட்ட ஏன் கேக்கறீங்க? வண்டி உங்களோடது."

பல்லாஸ்பத்திரி யோசித்தார். ஹாரனை நீளமாக ஒரு முறை அடித்தார். அப்படியே வீட்டைத் தாண்டி இன்னொரு சுற்றுக்குப் போய்விட்டார்.